நீர்நாய்கள் விசாரித்த ஏரி

இந்தக் கதை எனக்கு நேராகக் கிடைத்ததல்ல. பரிசல் ஓட்டும் ஒருவர் தம் மகளுக்குச் சொன்னாராம். அந்த மகள் எனக்குச் சொன்னாள். நடுவில் யார் எதைக் கூட்டினார்கள், எதை விட்டார்கள் என்று தெரியாது. கேட்டபடியே சொல்கிறேன்.

காட்டாறு ஒன்று வளைந்து ஓடும் இடத்தில் ஆழமான மடு இருந்தது. கரையில் ஒரு நீர்மருத மரம். அதன் வேர்களுக்கு நடுவே வளை தோண்டி ஒரு நீர்நாய்க் கூட்டம் குடியிருந்தது. கூட்டத்துக்குத் தலைவி சுழியாள். மீன் எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று மீனுக்கே தெரிவதற்கு முன் அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனால் குடும்பத்துக்காக ஒரு முடிவு எடுக்க வேண்டும் என்றால் மட்டும் அவளுக்குப் பயம் வந்துவிடும்.

அந்த வருஷம் குட்டிகள் நிறையப் பிறந்திருந்தன. மடுவில் மீன் இருந்தது. ஆனால் எல்லோருக்கும் அரை வயிறுதான். குட்டிகள் தின்று மிஞ்சியதைப் பெரியவர்கள் தின்றார்கள். பல நாள் மிஞ்சவே இல்லை.

அப்படி ஒரு காலையில் மடுவின் மேல் பெரிய நிழல் விழுந்தது. ஒரு கூழைக்கடா வட்டமடித்து வந்து மணலில் இறங்கினார். அலகின் கீழே பை கனத்துத் தொங்கியது.

"வணக்கம்மா! என் பேரு பெருவாயன். மேற்கே பெரிய ஏரியில எங்க கூட்டம் தொழில் பண்ணுது."

சொல்லிவிட்டுப் பையைத் திறந்து மணலில் கொட்டினார். கெண்டையும் கெளுத்தியும் துள்ளின. குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து பாய்ந்தன.

"இது எதுக்குங்க?" என்றாள் சுழியாள்.

"சாம்பிள்மா, சாம்பிள்! சாப்பிடட்டும். எங்க ஏரியில மீன் கொட்டிக் கெடக்குது. ஆனா எல்லாம் ஆழத்துல. எங்களுக்கு முங்கத் தெரியாது. மேலாக்க வர்றதை மட்டும்தான் அள்ளுவோம். நீங்க அடியில வளைச்சு மேல விரட்டி விடுங்க. நாங்க அள்ளுறோம். பிடிக்கிறதுல சரிபாதி! கூட்டுத் தொழில்!"

சுழியாளின் கொழுந்தன் முங்கன் பக்கத்தில் நின்றான். அவன் வாயில் ஏற்கெனவே பாதிக் கெண்டை இருந்தது.

"அண்ணி, சரின்னு சொல்லுங்க!" என்றான் அந்த வாயோடு.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் பெருவாயர். "வந்தா குடும்பத்தோட வந்துடணும். அங்கேயே குடியிருக்கணும். இங்க ஒரு கால், அங்க ஒரு கால்னா தொழில் நடக்காது. பௌர்ணமிக்குள்ள பதில் சொல்லிடுங்க. இல்லேன்னா நீர்க்காகங்களோட பேசி முடிச்சிடுவேன். அவங்க ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருக்காங்க."

சிறகை விரித்தார். போய்விட்டார்.

அன்று மடுவில் ஒரே கொண்டாட்டம். சுழியாள் மட்டும் எச்சப் பாறை மேல் போய் உட்கார்ந்தாள்.

நீர்நாய்கள் கண்ட இடத்தில் எச்சம் போடுவதில்லை. அதற்கென்று ஒரு பாறை வைத்திருக்கும். அதுதான் அவற்றுக்கு வேலி, அதுதான் வீட்டுப் பலகை. பாறையில் புது வாசம் இருந்தால் இங்கே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். வாசம் ஆறிப் போனால் இடம் காலி. கீழாற்றில் இன்னொரு நீர்நாய்க் கூட்டம் இருந்தது. இந்த மடுவின் மேல் அதற்கு நெடுநாளாகக் கண். சுழியாள் குடும்பத்தோடு கிளம்பிவிட்டால், வாசம் ஆறியதும் அந்தக் கூட்டம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிறகு கெஞ்சினாலும் எழுந்திருக்காது. ஏரி சரிப்படவில்லை என்று திரும்பி வந்தால் வீடு இருக்காது.

வேண்டாம் என்று சொல்லி, குட்டிகள் இன்னும் மெலிந்துவிட்டால்? சரி என்று சொல்லி, குட்டிகளோடு நடுவழியில் நின்றால்? இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துப் பார்த்தாள். இரண்டுமே பயமாக இருந்தது.

"முங்கா, நான் விசாரிக்கணும்," என்றாள்.

"என்னத்தை அண்ணி விசாரிக்கிறது? மீனைக் கண்ணால பாத்தோம். வாயால தின்னோம்!"

"தின்னது அவர் கொண்டாந்த மீன். நாம போய் இருக்கப் போறது அவர் ஏரி."

"அவரு பொய் சொல்றாருன்னு சொல்றீங்களா?"

"அப்படிச் சொல்லல. அவரைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியலன்னு சொல்றேன்."

முங்கன் தலையில் அடித்துக்கொண்டான். "நல்லது வீடு தேடி வருது. இவங்க அதுக்குப் பல்லைப் பிடிச்சுப் பாக்குறாங்க!"

மறுநாள் சுழியாள் விசாரணையைத் தொடங்கினாள். ஏரியைப் பற்றித் தெரிந்தவர்கள் யார் என்று யோசித்தாள். ஏரிக்கும் ஆற்றுக்கும் போக வர இருப்பவர்கள் பறவைகள்தான். முதலில் பாறை மேல் சிறகு உலர்த்திக்கொண்டிருந்த நீர்க்காகத்திடம் போனாள்.

"அண்ணே, பெரிய ஏரி எப்படி?"

"அருமையான ஏரி! போன வாரம்கூட அங்கதான் சாப்பிட்டேன்."

"பெருவாயர் எப்படி?"

"தங்கமான மனுஷன். பங்குல பிசிறு பண்ண மாட்டார்."

"அப்போ உங்க ஆளுங்க அவரோட சேரப் போறீங்களா?"

நீர்க்காகம் சிறகை மடக்கிக்கொண்டு விழித்தது. "நாங்களா? யாரு சொன்னா? எங்களை ஒருத்தரும் கூப்பிடலையே! நாங்களே முங்குவோம், நாங்களே பிடிப்போம், நாங்களே தின்போம். பாதியை எதுக்கு இன்னொருத்தருக்குக் குடுக்கணும்?"

சுழியாள் இதை மனதில் வைத்துக்கொண்டாள். முங்கனிடம் சொன்னபோது அவன் சிரித்தான்.

"அண்ணி, வியாபாரம் பேசுறவன் அப்படித்தான் சொல்லுவான். வேற ஆளு காத்திருக்கான்னு சொல்லாத ஆளே கிடையாது. அதுக்காக ஏரி பொய்யாயிடுமா?"

அதுவும் சரிதான் என்று பட்டது. அவள் மேலும் கேட்டாள். மீன்கொத்தி, "தண்ணி கண்ணாடி மாதிரி!" என்றது. நாரை, "சேறு மெத்தை மாதிரி!" என்றது. தாழைக்கோழி, "நாணல் நல்ல அடர்த்தி, ஒளிஞ்சுக்க வசதி," என்றது. கேட்ட எல்லோரும் ஏரியைப் புகழ்ந்தார்கள். பெருவாயரையும் புகழ்ந்தார்கள். ஒருவரும் ஒரு குறை சொல்லவில்லை.

"போதுமா அண்ணி? இதுக்கு மேல கேக்க ஊர்ல ஆள் இல்ல!" என்றான் முங்கன்.

சுழியாளுக்கும் போதும் போலத்தான் இருந்தது. குட்டிகளிடம் போய், "ஏரிக்குப் போலாமா?" என்று கேட்கக்கூட வாயெடுத்தாள். அப்போது மணலில் ஒரு வாலாட்டிக் குருவி வாலை ஆட்டி ஆட்டி ஓடிக்கொண்டிருந்தது. எதற்கும் ஒரு வார்த்தை அதனிடமும் கேட்டு வைப்போம் என்று நினைத்தாள்.

"தம்பி, பெரிய ஏரிக்குப் போயிருக்கியா?"

"போகாமலா! கரையெல்லாம் ஓடியிருக்கேன். நான் இருந்த வரைக்கும் நல்லா இருந்துச்சுக்கா."

"இருந்த வரைக்கும்னா?"

"பங்குனி வந்தா நான் வடக்க கிளம்பிடுவேனே! அப்புறம் மழைக்குத்தான் வருவேன். வர்றப்ப ஏரி நிறைஞ்சு நிக்கும். எப்பவும் நிறைஞ்சுதான் நிக்கும்!"

குருவி பறந்து போயிற்று. சுழியாள் அது போன திசையைப் பார்த்தபடி நின்றாள். பிறகு முங்கனைக் கூப்பிட்டாள்.

"முங்கா! நாம யார் யார்கிட்ட கேட்டோம்?"

"நீர்க்காகம், மீன்கொத்தி, நாரை, தாழைக்கோழி, இந்த வாலாட்டி."

"இதுல பறக்காதது யாரு?"

முங்கன் மறுபடி ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தான். "யாரும் இல்ல."

"இடம் சரியில்லேன்னா இவங்க எல்லாரும் சிறகை விரிச்சு அடுத்த ஏரிக்குப் போயிடுவாங்க. இவங்களுக்கு அது ஒரு விஷயமே இல்ல. கேட்டா ஞாபகம்கூட வராது. நமக்கு நாலு குட்டைக் காலுதான் இருக்கு. நம்ம மாதிரி கால் உள்ளவங்க யாராவது அங்க வருஷம் பூரா இருக்காங்களான்னு பாக்கணும். கிளம்பு."

வாய்க்கால் வழியாக இருவரும் மேற்கே நடந்தார்கள். நீந்தினால் பறக்கும் நீர்நாய்க்கு நடை என்றால் தண்டனை. முங்கன் வழி நெடுக முனகினான். "பறவை சொன்னதையே நம்பியிருந்தா இந்நேரம் குப்புறப் படுத்துத் தூங்கியிருக்கலாம்."

ஏரி வந்தது. முங்கன் முனகலை நிறுத்தினான்.

அடேயப்பா! கரை தெரியாத தண்ணீர். காற்றடித்தால் அலை எழும்பியது. நீர்க்கருவை மரங்களெல்லாம் இடுப்பளவு நனைந்து நின்றன. கிளை கிளையாகக் கூழைக்கடாக்கள்.

"வாங்கம்மா, வாங்க! தம்பி வாங்க!" பெருவாயர் தாமே இறங்கி வந்தார். "முன்கூட்டியே சொல்லியிருந்தா வரவேற்பு வெச்சிருப்பேனே. வாங்க, ஏரியைச் சுத்திக் காட்டுறேன்."

அவர் காட்டிய இடமெல்லாம் ஆழம். முங்கன் ஒரு முறை முங்கினான். வாயில் விரால் ஒன்றோடு எழுந்தான். மறுபடி முங்கினான். இந்த முறை எழவே மனசில்லை.

"அண்ணி! அடியில திருவிழாக் கூட்டம்! இதுக்கு மேலயும் விசாரணையா?"

சுழியாளும் ஒரு மீன் தின்றாள். ருசியாக இருந்தது. அதனாலேயே இன்னும் பயமாக இருந்தது.

"ஐயா, நீங்க காட்டினதெல்லாம் பாத்தேன். ரொம்ப சந்தோஷம். கொஞ்சம் நானாவும் நடந்து பாக்கட்டுமா?" என்றாள்.

"தாராளமா! உங்க ஏரி மாதிரி நெனச்சுக்குங்க," என்றார் பெருவாயர். அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதையும் அவள் கவனித்தாள்.

கரையோரமாக நடந்தார்கள். ஏரியின் கோடியில் கல்லால் கட்டிய மடை இருந்தது; அதன் படிகள் தண்ணீருக்குள் இறங்கின. வயலுக்குத் தண்ணீர் விடும் வழி அது. மடைக் கல்லுக்கு அடியில், மழை படாத இடுக்கில், சுழியாளின் மூக்கு நின்றது.

"முங்கா, இங்க வா."

காய்ந்த எச்சம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு அடுக்காக. வாசம் எப்போதோ ஆறிப் போயிருந்தது. ஆனால் யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அது நீர்நாய்களின் எச்சப் பாறை.

"நம்ம ஆளுங்க!" என்றான் முங்கன். "அப்போ இங்க ஏற்கெனவே நம்ம ஆளுங்க இருந்திருக்காங்க!"

"பெருவாயர் சொல்லவே இல்லையே."

சுழியாள் குனிந்தாள். முங்கன் பதறிப் போய் அவள் வாலைப் பிடித்தான்.

"அண்ணி! அடுத்த குடும்பத்துப் பாறையைக் கிளறலாமா? கேக்காம மோந்து பாக்குறதே மரியாதை இல்ல. நாலு பேரு பாத்தா என்ன சொல்லுவாங்க?"

நீர்நாய்களுக்குள் அது பெரிய குற்றம்தான். சுழியாளுக்குக் காது மடல் சுட்டது. "யாரா இருந்தாலும் மன்னிச்சுக்குங்க. எங்க குட்டிங்களுக்காகப் பாக்குறேன்," என்று காலியான இடத்தைப் பார்த்துச் சொன்னாள். பிறகு நகத்தால் அடுக்கை மெதுவாகப் பிரித்தாள்.

"அடியில பாரு. எல்லாம் மீன் செதிலு. பெருசு பெருசா. நல்லாச் சாப்பிட்டிருக்காங்க."

"அதான் நானும் சொல்றேன்!"

"அதுக்கு மேல பாரு. செதிலு இருக்கு, ஆனா பொடி. குஞ்சு மீனைத் தின்னிருக்காங்க. அதுக்கு மேல நண்டு ஓடு. ஒரு செதிலுகூட இல்ல."

முங்கன் இப்போது அவனாகவே குனிந்தான். "இது என்ன, தவளை எலும்பா?"

"ஆமா. அதுக்கு மேல வண்டு. கடைசில இது..."

மேலடுக்கில் வெறும் புல் நார் இருந்தது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

புல் தின்னும் நீர்நாயை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போது மடைக்குப் பக்கத்து ஈர மண்ணில் ஒரு துளையிலிருந்து குரல் வந்தது. "படிச்சு முடிச்சாச்சா?"

வயல் நண்டு ஒன்று. ஆள் தெரியவில்லை. குரல் மட்டும் எங்கோ பாதாளத்திலிருந்து வந்தது.

"அக்கா, கொஞ்சம் வெளிய வர்றீங்களா? ஒரு விஷயம் கேக்கணும்," என்றாள் சுழியாள்.

"வெளிய வந்தா நீ கேப்பே. உன் கொழுந்தன் தின்பான். என் வீட்டுக்குள்ள இருந்தே பேசுறேன்!"

"அவன் தின்ன மாட்டான். இப்பத்தான் வயிறு முட்டச் சாப்பிட்டான்."

"அவன் வயித்தைப் பத்தி எனக்கு எதுக்குச் சொல்றே? கேக்குறதைக் கேளு!"

சுழியாள் துளைக்குள் எட்டிப் பார்த்தாள். இருட்டாக இருந்தது. ஒரு சிறு கல்லை உருட்டி விட்டாள். அது உருண்டு உருண்டு போய், வெகு நேரம் கழித்து எங்கோ நின்றது.

"ஏரி நிறையத் தண்ணி இருக்கே. எதுக்கு இவ்வளவு ஆழமா வீடு?"

"ஏ புள்ள, கல்லைப் போடாதே! நான் என்ன ஆசையிலயா தோண்டுனேன்? தண்ணி கீழ போகப் போக நானும் கீழ போவேன். அது எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும்தான் என் வீடு. தை மாசம் மடையைத் திறப்பாங்க. தண்ணி வத்த வத்த மீனெல்லாம் இந்த மடைப் பக்கம் வந்து ஒதுங்கும். பங்குனியில முட்டளவு சேறு. சித்திரையில ஏரி நடுவுல மாடு மேயும். நான் இங்கேயே பொறந்து இங்கேயே கெடக்குறவ. ஒரு வருஷம் தப்பாம இதேதான்."

"அப்போ பெருவாயர் கூட்டம்?"

"அவங்களுக்கு என்ன! சேறானதும் கெளம்பிடுவாங்க. மழை பேஞ்சு நிறைஞ்சதும் வருவாங்க. நடுவுல ஏரி எப்படி இருக்குன்னு அவங்க பாத்ததே இல்ல."

சுழியாள் துளைக்கு இன்னும் அருகே குனிந்தாள். அடுத்ததைக் கேட்க அவளுக்குத் தைரியம் வேண்டியிருந்தது.

"இங்க இருந்த நீர்நாய்ங்க?"

"என் சொந்தக்காரங்க பாதிப் பேரைத் தின்னவங்க," என்றது நண்டு. "ஆனாலும் பாக்கப் பாவமாத்தான் இருந்துச்சு. கடைசி வரைக்கும் காத்துக்கிட்டிருந்தாங்க, மழை வரும் வரும்னு. அப்புறம் குட்டிங்களைக் கவ்விக்கிட்டு வாய்க்கால்ல கீழ நடந்தாங்க. அவங்க பழைய வீட்டை வேற யாரோ பிடிச்சுக்கிட்டாங்களாம். எங்க போனாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்."

முங்கன் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டான். அது இன்னும் நிறைந்துதான் இருந்தது. "அண்ணி, வீட்டுக்குப் போயிடலாம். யாருகிட்டயும் சொல்லாம போயிடலாம்," என்றான் மெல்ல.

"இல்ல. நாம கேட்டது போக, அவரையும் ஒரு வார்த்தை கேக்கணும்."

கூழைக்கடாக்கள் கூடியிருந்த மரத்தடிக்கு வந்தார்கள். பெருவாயர் ஆவலாக இறங்கினார். "என்னம்மா, முடிவு பண்ணியாச்சா?"

"ஐயா, எங்களுக்கு முன்னாடி இங்க நீர்நாய்ங்க உங்களோட கூட்டுத் தொழில் பண்ணாங்களா?"

பெருவாயரின் பை ஒரு முறை ஆடியது. "பண்ணாங்கம்மா. நல்ல உழைப்பாளிங்க. ஒரு வருஷம் நாங்க திரும்பி வந்து பாத்தா ஆளைக் காணோம். எங்களோட பிடிக்காம போயிட்டாங்கன்னு நெனச்சோம். எங்களுக்கும் மனசு கஷ்டமா இருந்துச்சு. சொன்னா நீங்களும் தப்பா நெனப்பீங்கன்னு சொல்லல."

"கோடையில ஏரி காஞ்சிடும்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"காயுமா?" என்றார் பெருவாயர்.

மரத்தில் இருந்த கூழைக்கடாக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. ஒரு கிழட்டுக் கூழைக்கடா, "நாம போறப்ப கொஞ்சம் சேறாத்தான் இருக்கும்..." என்று இழுத்தது.

பெருவாயர் அலகை மார்பில் சாய்த்துக்கொண்டார். பிறகு சட்டென்று கோபம் வந்தது. "அப்போ என்ன, எங்களை உளவு பாத்தீங்களா? மீனைக் குடுத்து, ஏரியைச் சுத்திக் காட்டி, உள்ள விட்டா, எங்க கொல்லையைக் கிளறுனீங்களா? நம்பிக்கை இல்லாத இடத்துல கூட்டு எதுக்கு? நீர்க்காகங்க வரிசையில நிக்கிறாங்க!"

சுழியாள் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"ஐயா, நீர்க்காகங்களை நான் கேட்டேன். அவங்களை யாரும் கூப்பிடலையாம்."

மரத்தின் உச்சியில் ஒரு கூழைக்கடா குபீரென்று சிரித்துவிட்டது. இன்னொன்று சிரித்தது. பெருவாயர் முதலில் முறைத்தார். அப்புறம் அவருக்கே அடக்க முடியவில்லை. பை குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

"மாட்டிக்கிட்டேன்மா! அது சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது."

"தெரியும்யா. அதே நீர்க்காகம்தான் நீங்க பங்குல பிசிறு பண்ண மாட்டீங்கன்னும் சொல்லுச்சு. ஒருத்தர் விடாம சொன்னாங்க. அதனாலதான் சொல்லாம ஓடிப் போகாம உங்க முன்னாடி நிக்கிறேன். நான் கூட்டு வேண்டாம்னு சொல்லல."

"பின்ன?"

"குடும்பத்தோட வர மாட்டோம். குட்டிங்களும் கொஞ்சம் பெரியவங்களும் மடுவுலயே இருப்பாங்க. பாறை வாசம் ஆறாம பாத்துக்குவாங்க. மத்தவங்க முறை வெச்சு இங்க வர்றோம். மடையோட கடைசிப் படி என்னைக்கு வெளிய தெரியுதோ, அன்னைக்கே நாங்க கிளம்பிடுவோம். நீங்க வருத்தப்படக் கூடாது. மழை வந்து அந்தப் படி முங்கினா மறுபடி வருவோம்."

"பாதிப் பேரு வந்தா மீனை வளைக்க முடியுமா?"

"ஏரி முழுக்க வளைக்க முடியாது. மடைப் பக்கத்து மூலையில வளைக்கலாம். தண்ணி வத்த வத்த மீனெல்லாம் அங்கதான் வந்து சேரும். இதையும் விசாரிச்சுட்டேன்."

பெருவாயர் தம் கூட்டத்தைப் பார்த்தார். கிழட்டுக் கூழைக்கடா தலையசைத்தது.

"ஒண்ணு சொல்லட்டுமாம்மா?" என்றார் பெருவாயர். குரல் தணிந்திருந்தது. "அந்தக் குடும்பம் எங்களைப் பிடிக்காம போகலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது. இதைக் கேக்காம இருந்தா உங்களுக்கும் அதேதான் நடந்திருக்கும். நாங்களும் அதேதான் நெனச்சிருப்போம்."

பேச்சு முடிந்தது. கிளம்பும்போது சுழியாள் மடைக்குப் போய்த் துளைக்குள் குனிந்தாள்.

"அக்கா, உங்களுக்கு ஏதாவது செய்யணும். என்ன வேணும்?"

"மடைப் பக்கத்து நண்டுங்களைத் தின்னக் கூடாது. உன் கொழுந்தன்கிட்டயும் சொல்லு. அவன் பார்வையே சரியில்ல."

"சத்தியமா தின்ன மாட்டேன்!" என்றான் முங்கன்.

"சத்தியம் எல்லாம் வேண்டாம். ஒரு வருஷம் பாத்துட்டு வெளிய வர்றேன்," என்றது நண்டு.

அதன் பிறகு தொழில் நன்றாக நடந்தது. நீர்நாய்கள் அடியில் வளைத்தன. கூழைக்கடாக்கள் மேலே அள்ளின. மடைப் பக்கத்து நண்டுகளை ஒருவரும் தொடவில்லை. முங்கன் தன் பங்கில் பெரிய மீனையெல்லாம் வாயில் கவ்வி வாய்க்கால் வழியாக மடுவுக்குக் கொண்டு போனான். குட்டிகளின் துருத்திய முதுகெலும்பு மறைந்தது. ரோமம் பளபளத்தது. கீழாற்றுக் கூட்டம் இரண்டு தரம் வந்து பாறையை மோந்து பார்த்தது. வாசம் புதிதாக இருந்தது. பேசாமல் திரும்பிப் போயிற்று.

மாசி முடியும் சமயம் மடையின் கடைசிப் படி வெளியே தெரிந்தது. மீன் இன்னும் இருந்தது. முங்கனுக்கு மனசு அடித்துக்கொண்டது. ஆனாலும் சொன்ன சொல்படி அன்றைக்கே எல்லோரும் மடுவுக்குத் திரும்பினார்கள்.

பங்குனியில் ஒரு மத்தியானம். மடுவில் குட்டிகள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டிருந்தன. சுழியாள் மணலில் மல்லாந்து கிடந்தாள். மனதில் பயம் எதுவும் இல்லை. மேலே கூழைக்கடாக்கள் வரிசையாகப் பறந்து போயின. அதில் ஒன்று மட்டும் தாழ வந்தது.

"கிளம்பிட்டோம்மா!" என்று கத்தினார் பெருவாயர். "தெற்கே ஒரு புது ஏரி பாத்திருக்கேன். மீன் நல்லா இருக்கு. ஆனா கோடையில அங்க என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு வேணும்னா, நீங்க நடந்து வந்து விசாரிச்சுக்குங்க!"

சுழியாள் எழுந்து உட்கார்ந்து சிரித்தாள். ஏரியைப் பற்றி அவர் "தெரியாது" என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை. இனி அவரை இன்னும் கொஞ்சம் நம்பலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

கூட்டுச் சேரும் முன், லாபத்தைச் சொல்கிறவரிடம் மட்டும் கேட்காமல், நஷ்டம் வந்தால் நம்மைப் போலவே அதைத் தாங்க வேண்டியவரைத் தேடிப் போய் விசாரித்து முடிவெடுக்க வேண்டும்.

பின்குறிப்பாக ஒன்று. காய்ந்த எச்சத்தில் இவ்வளவு தெரியுமா என்று எனக்குச் சந்தேகமாக இருந்ததால் விசாரித்துப் பார்த்தேன். காட்டுயிர் ஆய்வாளர்கள் நீர்நாய்களின் எச்சத்தைச் சேகரித்து, அதில் கிடக்கும் செதில், எலும்பு, நண்டு ஓடு எல்லாவற்றையும் பிரித்து வைத்துத்தான் அவை என்ன தின்று வாழ்கின்றன என்று கண்டுபிடிக்கிறார்கள்.